"இதோ வர்றேன்" என்று சொல்வதற்கு முன்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறும் செவிலியர் பராமரிப்பும்

மனநல வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவு 8 மணி, ஷிப்ட் மாறும் நேரம். 22 வயதுப் பெண் ஒருவர் செவிலியர் மேசைக்கு வந்து, "சிஸ்டர், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். என் கையில் மருந்து ட்ரே. "இதோ வர்றேம்மா" என்றேன். மருந்து கொடுத்து முடித்து, முந்தைய ஷிப்டிடம் ஹேண்ட்ஓவர் வாங்கி, புதிதாக அட்மிட் ஆனவருக்குப் படுக்கை காட்டிவிட்டுப் போய்ப் பார்த்தபோது 50 நிமிடம் ஆகியிருந்தது. அவர் முன்கையில் புதிய காயம். என் முகத்தைப் பார்க்காமலே, "நீங்களும் எல்லாரையும் மாதிரிதான்" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. 50 நிமிடத்துக்கு இப்படியா என்று தோன்றியது. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த மூத்த செவிலியர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "'இதோ'ன்னா எவ்வளவு நேரம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நம் பேச்சில் 'இதோ' ஒரு நிமிடமாகவும் இருக்கும், ஒரு மணி நேரமாகவும் இருக்கும். கேட்பவர் அதைத் தன் மனத்துக்குள் நீட்டிக்கொண்டு காத்திருப்பார். அந்தப் பெண்ணால் அது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று புரிந்துகொண்டால், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பதில் பாதி புரிந்துவிடும். செவிலியப் படிப்பில் இருப்பவர்களையும், பொது வார்டிலிருந்து மனநலப் பிரிவுக்கு முதன்முறை மாற்றலாகி வருபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை, சுருக்கமாக

'எல்லைக்கோடு' என்றதும், "நோய் லேசாக இருக்கிறது, இன்னும் முழுதாக வரவில்லை" என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. பழைய மருத்துவர்கள் மனநலப் பிரச்சினைகளை நியூரோசிஸ் (பதற்றம் போன்றவை), சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பே அறுந்துபோவது) என்று இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டிலும் அடங்காமல் நடுவில் நின்ற நோயாளிகளை, 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் என்று குறிப்பிட்டார். அந்தப் பிரிவினை காலாவதியாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-3 கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இது 'உணர்ச்சி நிலையற்ற ஆளுமைக் கோளாறு'. கேஸ் ஷீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பேசப்படுவது ஒரே விஷயம்தான். வார்டில் பெரும்பாலும் பிபிடி (பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர்) என்பார்கள்.

இப்போதுள்ள டிஎஸ்எம்-5 ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. கைவிடப்படுவோமோ என்ற பதற்றம், ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துவிட்டு அடுத்த நாளே கீழே போடும் உறவுகள், 'நான் யார்' என்பதில் தெளிவின்மை, யோசிக்காமல் செய்யும் ஆபத்தான காரியங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும், மணிக்கு மணி மாறும் மனநிலை, உள்ளே எதுவுமே இல்லாதது போன்ற வெறுமை, அடக்க முடியாத கோபம், மிகுந்த நெருக்கடியில் பிறர்மீது வரும் சந்தேகமோ தன் உடலிலிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வோ. இவற்றில் ஐந்து இருந்தால் போதும். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்று கூட்டிப் பார்த்தால் 256 விதமான சேர்க்கைகள் வரும். ஆகவே, "போன மாசம் வந்த பிபிடி கேஸ் மாதிரிதான் இதுவும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது. மனநல மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருப்பவர்களிலோ ஐந்தில் ஒருவர் வரை. சிகிச்சைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். ஆனால் பொதுமக்களிடையே எடுத்த கணக்கெடுப்புகளில் ஆண்களும் ஏறத்தாழ அதே அளவு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆண்கள் பலர் குடிநோயாளி, முரடர் என்ற பெயரோடு வேறு வாசல்கள் வழியாகப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

உள்ளே என்ன நடக்கிறது

இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நோய்க்கான வாய்ப்பில் பாதியளவு மரபில் வருகிறது என்கின்றன. மீதி வாழ்க்கையில் வருவது. பலருக்குச் சிறுவயதில் வன்முறையோ புறக்கணிப்போ நடந்திருக்கும். எல்லோருக்கும் அல்ல, அதனால் பெற்றோரைப் பார்த்ததும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஷா லினஹன் இதை இப்படி விளக்கினார்: பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று பற்றிக்கொள்ளும், உயரமாக எரியும், மெதுவாகத்தான் அணையும் ஒரு குழந்தை. அதன் அழுகையை "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று தள்ளிவிடும் ஒரு சூழல். இரண்டும் சேரும்போது, தான் உணர்வது சரியா தவறா என்றே அந்தக் குழந்தைக்குத் தெரியாமல் போகிறது. சத்தமாகக் கத்தினால்தான் யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் கற்றுக்கொள்கிறது.

வார்டு வேலைக்கு எனக்கு இன்னும் அதிகமாக உதவியது, அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் பல்லாண்டுகள் இந்த நோயாளிகளோடு பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் கண்டர்சன் சொன்ன விளக்கம். இந்த நோயாளியின் நிலை, பக்கத்தில் இருப்பவரோடு அந்த நேரத்தில் உறவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும் என்றார் அவர். யாரோ தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்ற உணர்வு இருக்கும்வரை அவர் இதமாக, ஒத்துழைப்பாக, சற்றே ஒட்டிக்கொள்பவராக இருப்பார். அந்தப் பிடி தளர்கிறது என்று தோன்றியதும் கோபம், குற்றச்சாட்டு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல். அப்போது யாராவது அருகில் வந்தால் மறுபடி முதல் நிலைக்குத் திரும்பலாம். விலகிப் போனால் தனிமைக்குள் விழுவார். அங்கே சந்தேகமும், தன்னிலை மறத்தலும், எதையாவது செய்து தொலைக்கும் அவசரமும். அதற்கும் கீழே இருப்பதுதான் சாக வேண்டும் என்ற எண்ணம்.

இப்போது அந்த 50 நிமிடத்தைத் திரும்பிப் பாருங்கள். பேச வந்தபோது அவர் பிடியை நாடி வந்திருந்தார். 10 நிமிடத்தில் பதற்றம். 20 நிமிடத்தில், "அவங்களுக்கு நான் முக்கியமில்ல." 30 நிமிடத்தில், "யாருக்குமே இல்ல." இதை அவர் யோசித்து முடிவெடுக்கவில்லை. படிக்கட்டில் கால் தவறினால் எப்படி உருண்டு விழுவோமோ அப்படி விழுந்தார். காயம் அந்த வீழ்ச்சியை நிறுத்தியது. காயப்படுத்திக்கொண்டதும் மனவலி சற்று நேரம் அடங்கியது என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள்.

அவர்கள் முன் நான் இப்போது 'இதோ' என்று சொல்வதில்லை. "8:50-க்கு வர்றேன், 10 நிமிஷம் உட்கார்ந்து பேசலாம்" என்கிறேன். 8:50-க்கு முடியாது என்று தெரிந்தால், அந்த நேரத்தில் எட்டிப் பார்த்து, "முடியல, 9:15 ஆகும்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் உங்களால் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு என்ற கடினமான இடம்

ஒரு நாளில் மூன்று முறை பொறுப்பில் இருக்கும் முகம் மாறும் இடம் வார்டு. கைவிடப்படுவதை அஞ்சும் ஒருவருக்கு ஒவ்வொரு ஷிப்ட் மாற்றமும் ஒரு சிறிய பிரிவு. ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு, பிடித்த செவிலியர் லீவு, பயிற்சி மாணவியின் போஸ்டிங் முடிவது, டிஸ்சார்ஜ் தேதி குறிப்பது, வீட்டார் பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரம். பிரச்சினை பெரும்பாலும் இந்தப் பொழுதுகளில்தான் வெடிக்கும்.

அதனால் டியூட்டிக்கு வந்தவுடன் அவர் படுக்கைக்குப் போய், "இன்னைக்கு நைட் உங்களைப் பார்த்துக்கறது நான். காலையில 8 மணி வரைக்கும் இருப்பேன்" என்று சொல்லுங்கள். கிளம்பும்போது போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அவர் தூங்குகிறார், தொந்தரவு வேண்டாம் என்று நழுவிப் போகாதீர்கள். அப்படித் தூங்கும்போது போனவர்கள் அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் 10 அல்லது 15 நிமிடம் பேசுவதற்கென்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். அவர் அமைதியாக இருக்கும் நாளிலும் அந்த நேரம் அவருக்கு உண்டு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வார்டுகளில், அமைதியாக இருக்கும் நோயாளியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரத்தத்தைப் பார்த்தால்தான் நால்வர் ஓடிவருவார்கள். "காயம் பட்டால்தான் கவனிப்பு" என்ற பாடத்தை வார்டே நடத்துகிறது. பிறகு, "கவனத்தை ஈர்க்கத்தான் பண்றா" என்று கேஸ் ஷீட்டில் எழுதவும் செய்கிறது.

நாம் பேசும் சொற்கள்

1988-ல் இங்கிலாந்தில் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனநல மருத்துவர்களிடம் ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். கதை ஒன்றுதான். சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும், முன்பு ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டவர் என்ற ஒரு வரி கூடுதலாக இருந்தது. அந்த வரியைப் படித்தவர்கள், அதே நோயாளியைத் தொல்லை தருபவர், சூழ்ச்சிக்காரர், கவனத்துக்காகச் செய்பவர் என்று அதிகம் மதிப்பிட்டார்கள். செவிலியர்கள் நாம் மட்டும் விதிவிலக்கு என்று எண்ண இடமில்லை. அடுத்த ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயருக்குக் காட்டிய பரிவைச் செவிலியர்கள் இந்த நோயின் பெயருக்குக் காட்டவில்லை என்று தெரியவந்தது.

ஹேண்ட்ஓவரில் காதில் விழுபவை உங்களுக்கும் தெரிந்தவைதான். "டிராமா பண்றா." "எல்லாம் நடிப்பு." "வேணும்னே பண்றா." இப்படிச் சொன்னதும் அடுத்த ஷிப்டின் முகம் இறுகிவிடுகிறது. அவர் அந்த இறுக்கத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார். அடுத்தவர் முகத்தில் கோபமோ இறுக்கமோ தெரிகிறதா என்பதில் இவர்கள் கவனம் கூர்மையாக இருக்கும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றி எழுதிப் பார்க்கலாம். "6 மணிக்கு அம்மா போனில் பேசவில்லை. 6:30-க்குக் கதவை உதைத்தார். 10 நிமிடம் அவரோடு சேர்ந்து நடந்ததும் தணிந்தார்." இதில் நடந்தது இருக்கிறது, ஏன் நடந்தது என்பதற்குத் துப்பு இருக்கிறது, எது உதவியது என்பதும் இருக்கிறது. "டிராமா" என்ற சொல்லிலிருந்து அடுத்த செவிலியருக்கு எந்த வேலையும் கிடைக்காது.

ஏற்றுக்கொள்வது எப்படி

உளவியலாளர்கள் வேலிடேஷன் என்று சொல்வதைத் தமிழில் 'உணர்வை ஏற்றுக்கொள்ளுதல்' என்பேன். சொன்னதை எல்லாம் ஒத்துக்கொள்வது என்று இதற்குப் பொருள் இல்லை. ஓர் உதாரணத்தில் சொன்னால் எளிது.

"டாக்டர் என்னைப் பார்க்காமலே போயிட்டாரு. அவருக்கு என்னைப் பிடிக்கல" என்கிறார் நோயாளி.

நம் வாயில் தானாக வருவது: "அப்படியெல்லாம் இல்லம்மா. அவருக்கு எவ்வளவோ வேலை." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். அவர் காதில் விழுவதோ, "நீ உணர்வது தப்பு" என்று. சிறுவயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அதே வாக்கியம்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "காலையிலேர்ந்து அவருக்காகக் காத்திருந்தீங்க. பார்க்காம போனது கஷ்டமாத்தான் இருந்திருக்கும்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் அழலாம், திட்டலாம். சற்றுத் தணிந்ததும்: "அவர் எமர்ஜென்சிக்குப் போனது எனக்குத் தெரியும். 5 மணிக்கு ரவுண்ட்ஸ் வர்றாரு. அவர்கிட்ட என்னென்ன கேட்கணும்னு இப்ப சேர்ந்து எழுதி வச்சுக்கலாமா?"

'டாக்டருக்குப் பிடிக்கவில்லை' என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வலித்தது என்பதை ஏற்றுக்கொண்டீர்கள். வலித்தது உண்மைதானே. வரிசை முக்கியம்: முதலில் உணர்வு, பிறகு தகவல், கடைசியில் அடுத்து செய்யக்கூடியது. புதியவர்கள் பலர் தகவலில் தொடங்கிவிட்டு, ஏன் கத்துகிறார் என்று திகைப்பார்கள்.

நல்ல சிஸ்டர், கெட்ட சிஸ்டர்

"நீங்க ஒருத்தர்தான் என்னைப் புரிஞ்சுக்கிட்டீங்க. நைட் சிஸ்டர் ரொம்ப மோசம்."

முதல்முறை கேட்கும்போது இனிக்கும். எனக்கும் இனித்தது. இந்த நோயாளிகளுக்கு ஒரே மனிதரில் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துப் பார்ப்பது கடினம். அதனால் ஊழியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம், "பாவம், அந்தப் பொண்ணுக்கு அன்பு தேவை." மறுபக்கம், "ரொம்ப இடம் கொடுத்துக் கெடுக்கறீங்க." ஸ்ப்ளிட்டிங் என்பார்கள் இதை.

1954-ல் ஸ்டான்டன், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர், செஸ்ட்நட் லாட்ஜ் என்ற அமெரிக்க மனநல மருத்துவமனையில் கவனித்ததை வெளியிட்டார்கள். ஊழியர்களுக்குள் வெளியே சொல்லாத கருத்து வேறுபாடு இருக்கும்போது நடுவில் இருந்த நோயாளி கொந்தளித்தார். ஊழியர்கள் அதை வெளிப்படையாகப் பேசித் தீர்த்ததும் அடங்கினார். நோயாளிதான் நம்மைப் பிரிக்கிறார் என்று சொல்வது எளிது. ஏற்கெனவே இருந்த விரிசலில்தான் அவர் விரல் பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது கஷ்டம்.

நடைமுறையில், புகழ்ச்சியையும் வசையையும் ஒரே அமைதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். "நைட் சிஸ்டர்கிட்ட ஏதோ மனசு நொந்திருக்கீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. அதை அவங்ககிட்டயே பேச நான் கூட இருக்கேன்." சக செவிலியரைக் குறை சொல்லவும் வேண்டாம், வரிந்துகட்டிக் காப்பாற்றவும் வேண்டாம். போன் எத்தனை நிமிடம், வெளியே நடக்க எப்போது அனுமதி, காயம் ஏற்பட்டால் என்ன செய்வோம் என்பவற்றை நோயாளியோடு சேர்ந்து எழுதி, மூன்று ஷிப்டும் அதன்படியே நடக்க வேண்டும். ஒருவர் 10 நிமிடம், ஒருவர் 30 நிமிடம் என்றால் சண்டையை நாமே மூட்டிவிடுகிறோம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில சமயம் நைட் சிஸ்டர் உண்மையிலேயே மோசமாக நடந்திருப்பார். "அது ஸ்ப்ளிட்டிங்" என்று சொல்லி உண்மையான புகாரைப் புதைப்பது நம் தொழிலில் நடக்கும் அநியாயங்களில் ஒன்று. மற்ற நோயாளிகளின் புகாரை எப்படி விசாரிப்போமோ அப்படியே இதையும் விசாரிக்க வேண்டும்.

காயமும் உயிர் ஆபத்தும்

தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்குத் தையல் போடும்போது, மற்றவருக்குப் போடும் அதே மரப்பு ஊசியைப் போட வேண்டும். இதை எழுத வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். "தானே பண்ணிக்கிட்டதுதானே, தெரியட்டும்" என்று மரப்பு ஊசி இல்லாமல் தைத்த கதைகள் பல நாடுகளிலும் உண்டு. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-ல் வெளியிட்ட வழிகாட்டியில், தையல் முடியும்வரை வலி தெரியாமல் இருக்கப் போதிய மருந்து தர வேண்டும் என்று தனியாகவே எழுத வேண்டியிருந்தது.

டிரெஸ்ஸிங் செய்யும்போது திட்டவும் வேண்டாம், உருகிப்போய் அழவும் வேண்டாம். சுத்தமாக, மென்மையாக, மரியாதையாகச் செய்யுங்கள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்பது விசாரணை போல ஒலிக்கும். "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பதில் வரும். அவர் அமைந்த பிறகு, மறுநாள்கூட ஆகலாம், காலையிலிருந்து நடந்ததைச் சங்கிலி போலக் கோத்துப் பாருங்கள்: தூக்கம் எப்படி, சாப்பிட்டாரா, யார் என்ன சொன்னார்கள், மனத்தில் என்ன ஓடியது, எந்தக் கண்ணியில் வேறு வழியில் போயிருக்கலாம். லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி (டிபிடி) என்ற பேச்சுச் சிகிச்சையில் இது முக்கியமான பயிற்சி.

சாவதற்காகச் செய்யாத காயம் வேறு, தற்கொலை முயற்சி வேறு. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். இவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் வரை தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். "இவ எப்பவும் இப்படித்தான் சொல்லுவா" என்று நினைக்கும் அந்த ஒரு நாளில் ஆள் போய்விடக்கூடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள், நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "பண்ணிக்க மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தத் தாள் யாரையும் காப்பாற்றியதாகச் சான்று இல்லை.

மாத்திரை விழுங்கிவிட்டுப் பொது வார்டுக்கு வந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பாரசிட்டமால் என்றால் முதல் நாள் அவர் நன்றாகவே தெரிவார், பேசுவார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். "சும்மா பயமுறுத்தத்தான்" என்ற பேச்சு அந்த மணிநேரங்களைத் தின்றுவிடக் கூடாது.

உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை ஏறாது. அப்போது உடல் வழியாகத்தான் உதவ முடியும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கண், கன்னம்மீது வைத்துச் சற்று மூச்சடக்கினால், நீருக்குள் மூழ்கும்போது உடல் செய்வதைப் போல இதயத்துடிப்பு குறையும். இதய நோயோ உணவு உண்ணல் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. வேகமாக நடப்பதும் உதவும். தன்னிலை மறந்து வெறித்துப் பார்ப்பவரிடம் மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ரெண்டு காலையும் தரையில அழுத்தி வைங்க. இந்த ரூம்ல தெரியற அஞ்சு பொருளைச் சொல்லுங்க." தொடுவதற்கு முன் கேளுங்கள். தொடுதல் அவருக்கு என்ன நினைவைக் கிளப்பும் என்று நமக்குத் தெரியாது.

மாத்திரை யாருக்கு?

இந்த நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. கூடவே வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து உண்டு. இந்த நோய்க்கென்றோ இதன் தனித்தனி அறிகுறிகளுக்கென்றோ மருந்து பயன்படுத்த வேண்டாம் என்று நைஸ் 2009-ல் சொன்னது. ஆனாலும் வார்டில், தேவைப்பட்டால் மட்டும் போட வேண்டிய எஸ்ஓஎஸ் ஊசிக்குக் கை அடிக்கடி நீளும்.

இங்கிலாந்தில் கேசல் மருத்துவமனையின் டாம் மெயின், தூக்க மருந்து எப்போது கொடுக்கப்படுகிறது என்று செவிலியர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 1957-ல் எழுதினார். காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், செவிலியரின் பொறுமை தீர்ந்து, பதற்றமும் கோபமும் குற்ற உணர்வும் தாங்க முடியாமல் போன தருணத்தில்தான் மருந்து கொடுக்கப்பட்டது என்று தெரிந்தது. மருந்தை விழுங்கியவர் மட்டும் நோயாளி. அந்த ஆராய்ச்சியில் கலந்துகொண்ட செவிலியர்கள் தங்களைப் பற்றி அவ்வளவு நேர்மையாகப் பேசியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. ஊசியை எடுக்கும் முன் நானும் கேட்டுக்கொள்கிறேன்: இது அவருக்கா, எனக்கா? எனக்கு என்றால், 10 நிமிடம் வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பேன்.

சொந்த போன் நம்பர் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சத்தால் சொல்லவில்லை. ராத்திரி 2 மணிக்கு அவர் கூப்பிடும் அந்த ஒரு நாள் நீங்கள் எடுக்காமல் போவீர்கள். அது அவருக்குப் புதிய கைவிடல். "என் நம்பர் தர முடியாது. வார்டு நம்பர் இருக்கு, எந்நேரமும் யாராவது எடுப்பாங்க" என்பது உண்மை. தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

வீட்டுக்குப் போவது

உண்மையான சிகிச்சை பேச்சு வழியாக, மாதக்கணக்கில், பெரும்பாலும் வெளிநோயாளியாக நடப்பது. லினஹன் உருவாக்கிய டிபிடி சிகிச்சை பலன் தருகிறது என்ற முதல் ஆய்வு 1991-ல் வந்தது. 2011-ல் அவர் ஒரு செய்தியை வெளியே சொன்னார். 1961-ல், 17 வயதில், அவரே அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தவர். தன்னைக் காயப்படுத்திக்கொண்டதால் தனியறையில் அடைக்கப்பட்டவர். அதே மருத்துவமனைக்குப் போய்த்தான் இதைச் சொன்னார்.

நீண்ட நாள் வார்டில் வைத்திருந்தால் பலருக்கு நிலை மோசமாகிறது. வெளியே தானாகச் செய்துகொண்டிருந்ததையும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே நெருக்கடி தணியச் சில நாள், தெளிவான ஒரு நோக்கம், சேரும் நாளிலேயே பேசி வைத்த டிஸ்சார்ஜ் தேதி. நெதர்லாந்திலும் சுவீடனிலும் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொண்டு, நோயாளி தானே கூப்பிட்டு 3 இரவு வரை வந்து தங்கிப் போகும் முறை இருக்கிறது. காயப்படுத்திக்கொண்டு வாசலில் நின்றால்தான் படுக்கை என்ற நிலை அங்கே இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

டிஸ்சார்ஜ் நெருங்கினால் நிலைமை மோசமாவது வழக்கம். அதற்காகத் தேதியைத் தள்ளிக்கொண்டே போகாமல், அதைப் பற்றியே பேசுங்கள்: "போறதை நினைச்சா பயமா இருக்கா?"

இவர்கள் தேறவே மாட்டார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய். மெக்லீன் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த 290 பேரை ஆய்வாளர் மேரி சனரினியின் குழு பின்தொடர்ந்தது. 10 ஆண்டுகளில் 93 சதவீதத்தினருக்கு, குறைந்தது 2 ஆண்டுகளாவது நோய் என்று சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன. வேலை, உறவு என்று முழு வாழ்க்கையும் நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர். அந்த மீதிப் பாதிக்குத்தான் இன்னும் நிறைய செய்ய வேண்டியிருக்கிறது. வார்டில் நாம் பார்ப்பது அவர்களின் மிக மோசமான வாரத்தை மட்டும். தேறியவர்கள் திரும்பி வருவதில்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆன நாள், கையில் பையோடு வந்து, "அடுத்த செவ்வாய்க்கிழமை ஓபிக்கு வரும்போது நீங்க இருப்பீங்களா சிஸ்டர்?" என்றார். "இதோ இருப்பேன்" என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. டியூட்டி லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன்.

"இருக்க மாட்டேம்மா. அன்னைக்கு எனக்கு நைட். ஓபியில வேற சிஸ்டர் இருப்பாங்க, நீங்க வர்றதை அவங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்."

முகம் வாடியது. ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கி, என் பேனாவாலேயே நாளையும் நேரத்தையும் தானே எழுதிக்கொண்டார். செவ்வாய் இரவு டியூட்டிக்கு வந்ததும் முதலில் ஓபி நோட்டைத்தான் புரட்டினேன். வந்திருந்தார்.